கோபுரம் தொங்குகிற பக்கம்

நாலு கிளாம்பையும் முறுக்கியாச்சு, மணி இரண்டு ஐம்பது, இனி முக்கால் மணி நேரம் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது, காய்ந்துவிட்டதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கக்கூடாது. சும்மா உட்கார வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது. பல் தேய்க்கும்போதே செருப்பைக் காலில் மாட்டுகிற ஆள் நான். ஆனால் பெவிகாலுக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு அது காயும், கெஞ்சினாலும் திட்டினாலும் ஒரு நிமிஷம் முன்னே வராது, கிட்டத்தட்ட எங்கள் அம்மா மாதிரி. அம்மா நாலு மணிக்கு வருகிறாள். நாலு என்றால் நாலுதான். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சத்துணவு பொங்குகிறவளுக்கு நேரம் பிசகாது. அவள் பையில் பாரம் இருக்கும். நான் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பில் சேர்வதற்கான பாரம், முப்புடாதி என்று என் பெயரை அவளே கோணல்மாணலாக எழுதி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, என் கையெழுத்து மட்டும் பாக்கி. "ஒண்ணே ஒண்ணு, ஏட்டி. உன் வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணை ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாரேன். முடிஞ்சிருந்துச்சுன்னா பாரத்தை நானே கிழிச்சிருதேன், நீ அந்த மரக்கடையிலயே கிட. முடியலைன்னா திங்கக்கிழமை யூனிபாரத்தைப் போடு." சரி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நகை வைக்க அலமாரி செய்யேன், மகாராணிக்கு" என்றாள் நக்கலாக. அவளிடம் இருக்கிற நகை ஒரு ஜோடி கம்மல், ஒரு ஒற்றைவடச் சங்கிலி. கம்மல் சீரக டப்பாவில் இருக்கும். சங்கிலி பெரும்பாலும் சித்தி கழுத்தில் இருக்கும். அவள் நக்கலாகச் சொன்னதற்கு நான் அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அதுதான் இது. பதினாறு அங்குல உயரம், பத்து அங்குல அகலம், உள்ளே மூன்று டிராயர், முன்னால் ஒரு கதவு. டிராயர் மூன்றும் தயார், ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. கதவும் தயார், கீல் மாட்டினால் தீர்ந்தது. கூடு மட்டும்தான் கிளாம்புக்குள் இருக்கிறது, இடது பலகை, வலது பலகை, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு தட்டு. பலகை நுனிகள் போய் உட்காருகிற பள்ளம், அதாவது காடி, எட்டையும் உளி வைத்து நான்தான் வெட்டினேன், முதல் காடியில் இடது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் போச்சு, எட்டாவது காடியில் பலகை 'டக்' என்று உட்கார்ந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்க இன்னொரு விரலையும் கொடுக்கலாம். எல்லாம் ஒரே இடத்துத் தேக்கு. செல்லத்தாய் டாக்கீஸை இடித்தபோது வந்த டிக்கெட் கவுண்டர். இந்த மரக்கடை உலகம்மாள் அக்காவுடையது, எங்கே கட்டடம் இடித்தாலும் அவள் முதல் ஆளாக லாரியோடு போய் நின்றுவிடுவாள், ஜன்னல், கதவு, உத்தரம், படிக்கட்டுக் கைப்பிடி, எல்லாம் இங்கே வந்து சேரும். இந்தக் கவுண்டர் பலகையை மட்டும் யாரும் கேட்கவில்லை. "ஆணி நிறைய இருக்குட்டி, எவன் இழைப்பான், நீ எடுத்துக்கோ" என்றாள். நாற்பத்து மூன்று ஆணி பிடுங்கினேன். அதற்குப் பிறகும் இழைப்புளியின் கத்தி எதிலோ மோதி மழுங்கியது, ஆணி என்று நினைத்துத் தோண்டினால் வளையல் துண்டு. பச்சைக் கண்ணாடி. பலகையின் வெடிப்புக்குள் எத்தனை வருஷமாகவோ ஒளிந்திருக்கிறது. கத்தியைத் தீட்ட ஒரு சாயங்காலம் முழுசாகப் போனது, வளையலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, ஆணி டப்பாவில் கிடக்கிறது. கதவுக்கு எடுத்த பலகையில் மஞ்சள் பெயின்டில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. அதை உள்பக்கமாக வைத்துவிட்டேன், இழைக்கவில்லை. அளவுக்கு அறுத்ததில் கடைசி எழுத்து போய்விட்டது. 'பெண்க' என்று நிற்கிறது, யாரோ கூப்பிட ஆரம்பித்து இருமல் வந்து நிறுத்தின மாதிரி. நான் அந்தத் தியேட்டரில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, நான் நடக்கப் பழகும்போதே அதைப் பூட்டியாயிற்று, அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் இந்தத் தேக்கை இழைத்தால் வருகிற வாசனை இருக்கிறதே, எண்ணெய்யும் தோலும் கலந்த மாதிரி, அது என் சட்டையில், முடியில், சாப்பிடுகிற கையில் எல்லாம் இருக்கிறது, எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஐம்பத்து மூன்று. மூன்று நிமிஷம்தானா போயிருக்கிறது. சுற்றி வந்து பார்க்கலாம், பார்த்தால் தப்பில்லை, தொட்டால்தான் தப்பு. இடது பக்கம் அழகு. தேக்கின் ரேகை ஒன்றுக்குள் ஒன்றாகக் கூம்பிக் கூம்பி மேலே போகிறது, கோபுரம் மாதிரி, கோபுரத்துக்குள் கோபுரம், அதற்குள் இன்னொன்று, நெல்லையப்பர் கோயிலைத் தூரத்தில் பார்ப்பது மாதிரி. இந்தப் பக்கம் வந்தால், வலது பக்கம். வலது பக்கமும் கோபுரம்தான். கோபுரம். சனியன். கோபுரம் தொங்குகிறது.

தலைகீழாகச் சேர்த்திருக்கிறேன். வலது பலகையைத் தலைகீழாகச் சேர்த்திருக்கிறேன். மரம் நிற்கும்போது கோபுரத்தின் நுனி மேலே பார்த்துத்தான் இருக்கும், கடையில் எல்லோருக்கும் தெரியும், அடி கீழே நுனி மேலே, நிலையோ தூணோ எதுவானாலும் மரம் நின்ற மாதிரிதான் நிற்க வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் உலகு அக்கா லாரியில் வந்து இறங்குகிற ஒவ்வொரு கட்டையிலும் சாக்பீஸால் 'தலை' என்று எழுதுகிறாள். நானும் எழுதினேன். இரண்டு பலகையிலும் பென்சிலில் எழுதினேன். "முகத்துல எழுதாதட்டி, விளிம்புல எழுது, உப்புத்தாள் போட்டா அழிஞ்சிரும்" என்று அக்கா சொன்னாள், சரி சரி என்றேன், முகத்தில்தான் எழுதினேன், பிறகு எல்லாப் பலகைக்கும் ஒரே மூச்சில் உப்புத்தாள் போட்டேன், சீக்கிரம் முடியட்டும் என்று, 'தலை' போச்சு, பலகை அழகாக வழவழவென்று தலையில்லாமல் கிடந்தது. மூன்று டிராயரும் ஒரே உயரம் என்பதால் காடியும் மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. எப்படி வைத்தாலும் உட்காரும். உட்கார்ந்துவிட்டது. 'டக்' என்று. இரண்டு ஐம்பத்து ஐந்து. பசை இறுக ஆரம்பிக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும், அதற்குள் என்றால் பிரிக்கலாம், அதற்கப்புறம் பிரித்தால் மரம் பிய்யும், பசை பிய்யாது. ஐந்து போயிற்று. ஆனால் எதற்குப் பிரிக்க வேண்டும். யாருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது, அவள் அரிசியில் கல் பார்ப்பாள், மரத்தில் ரேகை பார்க்க மாட்டாள். மரத்துக்கு என்ன தலை, என்ன கால், இது நாற்பது வருஷம் டிக்கெட் கவுண்டராகப் படுத்துத்தானே கிடந்தது, அப்போது யாருக்கு என்ன ஆயிற்று. ஒரு வீட்டில் தலைவாசல் நிலையைத் தலைகீழாக நட்டுவிட்டான் என்று மூன்று வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள், அந்த வீட்டுப் பையன் மூன்று தடவை பேங்க் பரீட்சையில் பெயில், எல்லாம் நிலை செய்கிற வேலை என்று சுவரை உடைத்து நிலையைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து போட்டார்கள், புது நிலை வைத்தார்கள், பையன் நாலாவது தடவையும் பெயில். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், "படிக்காததுக்கு நிலை என்னட்டி செய்யும்." ஆனால் அந்த நிலையை அவளும் இதுவரை யாருக்கும் நிலையாக விற்கவில்லை, மூலையில் சாத்தியிருக்கிறாள், கேட்டால் சட்டத்துக்கு அறுக்கணும் என்கிறாள். நம்பிக்கை இல்லை, இருந்தாலும் விற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. தலைகீழ்ப் பலகையால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியும். ஆனால் கோபுரம் தொங்குகிறது. இந்தப் பக்கம் பார்த்தால் தொங்குகிறது, அந்தப் பக்கம் போனால் நிற்கிறது, திரும்ப வந்தால் திரும்பவும் தொங்குகிறது, நான் பார்க்காமல் இருக்கும்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இதை வீட்டில் டிவி பக்கத்தில் வைப்பாள், நான் தினமும் சாப்பிடும்போது எதிரே தொங்கும். இரண்டு ஐம்பத்தெட்டு. யோசித்தே மூன்று நிமிஷம் தின்றுவிட்டேன்.

பிரித்தால் நாலு மணிக்கு முடியாது. முடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை. அதைத்தான் அவள் கேட்டாள், சரியாகச் செய் என்று கேட்கவில்லை, முடி என்றுதான் கேட்டாள், ஏனென்றால் நான் எதையும் முடித்ததில்லை, அது உண்மை, அதில் சண்டை போட ஒன்றுமில்லை. தையல் கிளாஸ் பதினொரு நாள் போனேன், வீட்டில் ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட் இருக்கிறது. ஒயர்க்கூடை பின்னினேன், பிடி போடவில்லை, அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். கபடி டீமில் சேர்ந்தேன், தோற்றுப்போவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். பிறகு பள்ளிக்கூடம். எல்லோரும் ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று நினைக்கிறார்கள், டீச்சர் அடித்தார்களா, யாராவது பின்னாலேயே வந்தானா என்று சித்தி குசுகுசுவென்று கேட்டாள், ஒன்றும் இல்லை. அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. பெயர் எழுதினேன், எண் எழுதினேன், முதல் கேள்வியைப் படித்தேன், எழுந்தேன். அவ்வளவுதான். மைதானத்தைக் குறுக்கே கடந்து போகும்போது சத்துணவுக் கூடத்து வாசலில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். கூப்பிடவில்லை. களைந்த தண்ணீரை மட்டும் ஊற்றினாள், அது வெள்ளையாக என் பக்கம் ஓடி வந்தது, நான் தாண்டிப் போனேன். ராத்திரி சாப்பிடும்போது "கேட் வரைக்கும் நீ திரும்பியே பாக்கலட்டி" என்றாள், வேறே ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா லாரியிலிருந்து போன் பண்ணி ஒரு மணி நேரம் திட்டினார், அது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை மறுபடியும் போனால் அதே பெஞ்சு, என்னைவிட ஒரு வயசு சின்னப் பிள்ளைகள் நடுவில், ஃபேன் ஒரு சுற்றில் ஒரு தடவை 'க்ரிக்' என்று சொல்லும், அதை எண்ணிக்கொண்டு, வாசலில் அம்மா அரிசி களைந்துகொண்டு, ஐயோ. ஆகவே பிரிக்கக்கூடாது. ஆகவே கோபுரம் தொங்கட்டும். இன்னொன்றும் இருக்கிறது, கூட்டைப் பசை போடாமல் ஒரு தடவை சேர்த்துப் பார்த்து, இந்தத் தலைகீழ்ப் பலகைக்குத் தகுந்த மாதிரிதான் டிராயர் மூன்றையும் இழைத்திருக்கிறேன், காடி எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரி என்று சொன்னேனே, அது பொய், என் கை வெட்டினது, அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அப்படி இப்படித்தான் இருக்கும், பலகையைத் திருப்பினால் டிராயர் இறுகலாம், ஓடாமலே போகலாம், பிரித்துச் சேர்த்தும் கெட்டுப்போகலாம், அப்போது முடிக்கவும் இல்லை, சரியாகவும் இல்லை, மரக்கடையில் ஆணி பிடுங்கத்தான் லாயக்கு என்று ஆகிவிடும். யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கே தெரிந்துவிடும், அதுதான் பயம், மற்றதெல்லாம் சும்மா. மூன்று மணி. பத்து நிமிஷம். இந்தத் தடவையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன், அதுதான் நடக்கிறது, கிளாம்ப் போட்டு, முடித்தாயிற்று என்று பெயர் பண்ணி, ஒரு கை வைக்காமல் விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு கை ஜாக்கெட். என் கை முதல் கிளாம்பில் இருக்கிறது. எப்போது போய் வைத்தேன் என்று தெரியவில்லை. முறுக்குகிறேன். தளர்கிறது.

"ஏட்டி, என்னட்டி செய்யுத, இப்பதான மாட்டுன!" என்று அக்கா முன்பக்கத்திலிருந்து கத்துகிறாள், அவள் யாரோடோ ஒரு ஜன்னலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள், நான் அடுத்த கிளாம்புக்குப் போகிறேன், பேசினால் நின்றுவிடுவேன். நாலு கிளாம்பையும் கழற்றிவிட்டு, வலது பலகையின் விளிம்பில் ஒரு ரீப்பர் கட்டைத் துண்டை வைத்துக் கொட்டாப்புளி மரச்சுத்தியலால் ஒரு தட்டு. அசையவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் 'ம்ச்' என்று ஒரு சத்தம், பால் சட்டியிலிருந்து ஆடை உரிகிற மாதிரி, பலகை கையோடு வந்தது, காடியில் பசை இழை இழையாக, பாதி வெள்ளை, பாதி கண்ணாடி. ஈரத்துணியால் துடைத்தேன், காடி மூலையில் ஒட்டினதை உளி நுனியால் சுரண்டினேன், அவசரப்படவில்லை, அதுதான் ஆச்சரியம், நேரமே இல்லாதபோது எனக்கு அவசரம் வரவில்லை. பலகையைத் திருப்பினேன். பெவிகால். நாலு காடி, நாலு பலகையின் நுனி. உட்காருமா. மேல்பலகை உட்கார்ந்தது. கீழ்ப்பலகை உட்கார்ந்தது. நடுத்தட்டு இரண்டும் கொஞ்சம் முனகின, கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினதும் உள்ளே போய்விட்டன. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், கிளாம்பை ஒவ்வொன்றாக, மாற்றி மாற்றி, பசை கசிந்து ஓரத்தில் மணி மணியாக நிற்கும் வரை முறுக்கினேன். மணி மூன்று இருபத்தைந்து. முக்கால் மணி நேரம் என்றால் நாலு பத்து. நாலுக்கு முடியாது. முடியாது என்றால் முடியாது. சுற்றி வந்து பார்த்தேன். இடது பக்கம் நிற்கிறது. வலது பக்கமும் நிற்கிறது.

பிறகு உட்கார்ந்தேன். தரையில், மரச்சீவல் குவியலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து. தோற்றாயிற்று என்றால் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை போல. கூரைத் தகரத்தில் ஒரு காக்கா நடக்கிறது, நடக்கிற சத்தத்திலேயே அது எதையோ தேடுகிறது என்று தெரிகிறது. ஓட்டை வழியாக வருகிற வெயில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு என் முழங்காலில் விழுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முழங்காலைத் தாண்டிவிட்டது, அது போவதை நான் பார்க்கவே இல்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு சீவலை எடுத்துச் சுருளைப் பிரித்து விட்டால் மறுபடியும் சுருண்டுகொள்கிறது. பிரித்தால் சுருளும். பிரித்தால் சுருளும். முன்பக்கத்தில் அக்கா "அது பர்மா தேக்குண்ணே, உங்க பேரன் கல்யாணத்துக்கும் இருக்கும்" என்கிறாள், அந்த ஜன்னல் வேங்கை, எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். திங்கட்கிழமை. ஃபேன். இருக்கட்டும். ஃபேன் இருக்கட்டும், சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இங்கே வரக்கூடாது என்று அம்மா சொல்லவில்லையே. விரலில் ஒட்டின பெவிகால் காய்ந்து தோல் மாதிரி உரிகிறது, ரேகையோடு உரிகிறது, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் என் விரலிலும் கோபுரம் மாதிரி ஒன்று இருக்கிறது, அது எந்தப் பக்கம் தலை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது செருப்புச் சத்தம் கேட்டது. மணி நாலு.

"என்னட்டி, முடிஞ்சுதா?" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியது செருகியபடியே வந்திருந்தாள், முழங்கை வரைக்கும் அடுப்புச் சாம்பல், அந்தப் பை. "முடியல" என்றேன். எழுந்திருக்கக்கூட இல்லை. "முடியலையா. ஒரு பேச்சுக்காவது முடிஞ்சுதுன்னு சொல்லலாம்லா" என்றாள். "சொன்னா டிராயர் ஏன் வெளிய கிடக்குன்னு கேப்பியே." அக்கா ஜன்னல்காரரை அனுப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, உம்மவ மூணு மணிக்கு முன்னமே ஒட்டிட்டா. பெறகு அவளே போட்டு உடைச்சா. பேய் கீய் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்." அம்மா என்னைப் பார்த்தாள். "உடைச்சியா? ஏன்?" "வலது பக்கம் தலைகீழா இருந்துச்சு." அவள் குனிந்து கிளாம்புகளுக்கு நடுவே தலையை விட்டு அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். "எங்க?" "இப்ப இல்ல, திருப்பிட்டேன்." "இப்ப இல்லாததை நான் எப்பிடிட்டி பாக்க" என்றாள், கோபமாகத்தான், ஆனால் இன்னும் ஒரு தடவை குனிந்து பார்த்தாள், கல் பொறுக்குகிற கண்ணோடு. "இன்னும் எவ்வளவு நேரமாம்?" "பத்து நிமிஷம்." "இவ்வளவு நேரமும் என்ன செஞ்ச?" "சும்மா உக்காந்திருந்தேன்." "யாரு, நீயா?" "நான்தான்." அவள் அக்காவைப் பார்த்தாள், சாட்சி கேட்கிற மாதிரி. "உக்காந்துதான்க்கா இருந்தா, உயிரோட இருக்காளான்னு நான் ரெண்டு தடவை பாத்தேன்" என்றாள் அக்கா. அம்மா உத்தர அடுக்கில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்தானே, சோறு வெந்தபிறகு கஞ்சி வடிய வைக்கிற நேரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெவிகால் காய்ந்துகொண்டிருந்தது. சாத்தி வைத்திருந்த கதவை அவள் கையில் எடுத்தாள், திருப்பினாள், மஞ்சள் எழுத்தைப் பார்த்தாள். "இது செல்லத்தாய் டாக்கீஸ்லா?" "ஆமா." "மிச்ச எழுத்து எங்க?" "மூணாவது டிராயருக்கு அடியில." "இந்தக் கவுண்டர்ல கை விடுததுக்கு இத்தனூண்டு ஓட்டைதான்ட்டி இருக்கும், ஒரே நேரத்துல பத்துப் பேரு கை. வளையல் உடையாம டிக்கெட்டு எடுத்தவளே கிடையாது, தெரியுமா." நான் ஆணி டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினேன். இனி அழுவாள், பழைய கதை சொல்வாள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னது இல்ல" என்றாள். "நான் சிவப்புதான் போடுவேன்."

நாலு பத்துக்குக் கிளாம்பைக் கழற்றினேன். ஒன்றும் பிரியவில்லை, ஒன்றும் முனகவில்லை, மேசையில் தனியாக நின்றது, நாலு மூலையும் ஒரே மட்டத்தில் பதிந்து. முதல் டிராயர். காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போய், முடியும்போது 'ஹூம்' என்று ஒரு சின்ன மூச்சு விட்டது. அம்மாவின் புருவம் கொஞ்சம் மேலே போனது. மூன்றாவது டிராயரும் அப்படியே. இரண்டாவது பாதியில் நின்றது. அரை நூல். எனக்குத் தெரிந்த அரை நூல்தான், மேலே இருக்கிற தட்டின் வலது முனை அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அழுத்தினேன், கதறிக்கொண்டு உள்ளே போனது, இழுத்தால் வரவில்லை. "இது பிடிக்குது" என்றேன். அது அவளுக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் நானே சொல்லிவிட்டால் நல்லது. "தள்ளு" என்று அம்மா வந்தாள். சாம்பல் கையால் பிடித்து இழுத்தாள், வரவில்லை, இடது கையால் அலமாரித் தலையை அழுத்திக்கொண்டு வலது கையால், முந்நூறு பேருக்குச் சோறு கிண்டுகிற கையால், ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள், டிராயர் வெடுக்கென்று வந்தது. உள்ளே தள்ளினாள். மறுபடியும் இழுத்தாள். இந்தத் தடவை சூட்சுமம் தெரிந்துவிட்டது, கொஞ்சம் இடதுபக்கம் தூக்கி இழுத்தால் வருகிறது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தாள், முகத்தில் என்னமோ ஒன்று ஓடியது, வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "சங்கிலி இதுக்குள்ளதான்" என்றாள். "உங்க சித்தி வந்து, யக்கா ஒரு நாளைக்குத் தாயேன், காதுகுத்துக்குப் போட்டுட்டுத் தாரேன்னு கேட்டா, நீயே எடுத்துக்கோ தாயின்னு சொல்லிருவேன். அவ இழுத்துப் பாக்கட்டும்." அக்கா முன்பக்கத்தில் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன், பிறகு நிறுத்தினேன், ஏனென்றால் அம்மா பையைத் திறந்துவிட்டாள். பாரம். நாலாக மடித்தது, ஓரத்தில் மஞ்சள் கறை. "நாலு மணிக்கு முடியல" என்றேன், அவளுக்கு முந்திக்கொண்டு. "முடியலதான்" என்றாள். கிழிப்பாளா, நீட்டுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கிழிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. முதல் டிராயரை இழுத்தாள், விரல் நுனியால் இழுத்தாலே வருகிற அந்த டிராயரை, பாரத்தை உள்ளே வைத்தாள், ஒரே விரலால் தள்ளினாள். 'ஹூம்' என்று மூடிக்கொண்டது. "எனக்குக் கையெழுத்து வேண்டாம். இது பாட்டுக்கு இதுல கிடக்கட்டும். உனக்கு எப்பமாவது தோணுச்சுன்னா சுலபமா வருத டிராயர்லதான் வச்சிருக்கேன்." தோணாது என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கிடக்கட்டும். அது என்ன சாப்பாடா கேட்கிறது. "கதவை மாட்டி நீயே தூக்கிட்டு வந்து சேரு, நான் போய் உலை வைக்கேன்" என்று செருப்பைப் போட்டாள், வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி முப்பு. அந்த நடு டிராயரை மட்டும் சரி பண்ணித் தொலைச்சிராத."

அரை நூல்தான். இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. கை துறுதுறுவென்கிறது. இழைப்புளியை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் மேசைக்கு அடியில், என் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத் தள்ளிவிட்டு வந்து, கீலைத் தேடினேன்.